ஓதம் தடைபட்ட நீரில் லாட நண்டை எண்ணுவது: முறைகளும் முரண்களும்

அம்பாங் மலைச்சரிவில் பெய்யும் மழை கிள்ளான் ஆற்றில் கலந்து, கோலாலம்பூரின் நடுவே ஓடி, மலாக்கா நீரிணையின் சேற்றில் போய்ச் சேர்கிறது. ஆற்றின் நீளம் சுமார் 120 கிலோமீட்டர். கிள்ளான் கழிமுகத்துத் தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள அலையாத்திக் காடுகளையும் வளர்த்தது அது கொண்டுவந்த வண்டல்தான். ஈயச் சுரங்கக் காலத்துக் கசடும் பின்னாளைய நகரக் குப்பையும் வந்து சேர்ந்ததும் அதே வழியில்தான். மலாய்க்காரர்கள் பெலங்காஸ் என்று அழைக்கும் குதிரை லாட நண்டு அந்தச் சேற்றில் வாழ்கிறது. பெயரில்தான் நண்டு, உறவில் சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கியது. கனடாவின் மனிடோபா மாநிலத்தில் கிடைத்த புதைபடிவத்தைக் கொண்டு இதன் வம்சத்தின் வயதை 44 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று கணித்திருக்கிறார்கள்.

இவ்வளவு தொன்மையான உயிரி இன்று எத்தனை எஞ்சியிருக்கிறது? உலகில் இருப்பவை நான்கே இனங்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐயுசிஎன், அமெரிக்க இனத்தை 2016-ல் ‘பாதிப்புக்குள்ளாகக்கூடியது’ என்றும், சீனம், ஜப்பான், சபா கரைகளில் வாழும் இனத்தை 2019-ல் ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்றும் வகைப்படுத்தியது. மலாயா தீபகற்பத்திலும் இந்தியாவிலும் காணப்படும் மற்ற இரண்டுக்கும் அது இட்டிருக்கும் முத்திரை ‘தரவு போதாது’ என்பது. ஆள் போதவில்லை, பணம் போதவில்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை உண்டு. ஆனால் எண்ணும் முறைகளின் வரலாற்றைப் புரட்டினால் வேறொரு காரணமும் தென்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வகை நீரில் பிறந்தது. அந்த நீரின் இயல்பையும் தன்னோடு எடுத்துச் செல்கிறது. ஓதம் தாராளமாக வந்துபோகும் விரிகுடாவில் உருவான கணக்கை, மதகும் மணல்திட்டும் பாலமும் ஓதத்தை நெரிக்கும் உப்பங்கழியில் போட்டால் விடை வரும். அந்த விடை நண்டைப் பற்றியதா, நீரைப் பற்றியதா என்பதுதான் இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

மணற்கரையில் பிறந்த கணக்கு

லாட நண்டை முதலில் எண்ணியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், எரு வியாபாரிகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாக் கரையில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் அள்ளிக் காயவைத்து, அரைத்து, வயலுக்கு இட்டார்கள். பிடித்தது எவ்வளவு என்பது தெரியும். கடலில் மிஞ்சியது எவ்வளவு என்று அன்று யாரும் கேட்கவில்லை.

கேட்கத் தொடங்கியபோது விடை கரையிலேயே கிடைக்கும் போலிருந்தது. முட்டையிட இந்த விலங்கு கரைக்கு வந்தாக வேண்டும். மே, ஜூன் மாதங்களில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய இரவுகளில், ஏற்றம் உச்சம் தொடும் நேரத்தில், பெண் நண்டு முதுகில் ஆணைச் சுமந்துகொண்டு மணலுக்கு ஏறுகிறது. டெலவேரில் 1990-ல் தொடங்கி 1999-ல் ஒழுங்குபடுத்தப்பட்ட கணக்கெடுப்பு இந்த நம்பகமான வருகையின் மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அன்றைய இரவு, இரண்டு நாள் முன், இரண்டு நாள் பின் என மூன்று இரவுகள். ஒவ்வொரு கரையிலும் ஒரு சதுர மீட்டர் அளவுள்ள 100 சட்டங்கள். சட்டத்துக்குள் விழும் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று தன்னார்வலர்கள் குறிக்கிறார்கள். பல்லாண்டுகளாக ஒரே விதத்தில் செய்யப்படுவதால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடிகிறது. மீன்பிடி ஒதுக்கீட்டைத் தீர்மானிக்கும் மேசைக்கே இந்த எண் போகிறது. நண்டின் முட்டைகளைத் தின்று ஆர்க்டிக் பயணத்தைத் தொடரும் செம்மார்பு உள்ளான் பறவையின் கதியும் இதனோடு பிணைந்திருப்பதால், பறவை ஆர்வலர்களும் இதைக் கூர்ந்து பார்க்கிறார்கள்.

இந்த முறையின் பலவீனமும் அதன் பலத்திலேயே இருக்கிறது. கரைக்கு வந்தவற்றையே அது எண்ணுகிறது. அன்றிரவு காற்று பலமாக வீசி அலை எழுந்தால் நண்டு வருவதில்லை. முதிர்ச்சி அடைய 9 முதல் 11 ஆண்டுகள் எடுக்கும் விலங்கில், இன்றைய கரை எண்ணிக்கை பத்தாண்டுக்கு முந்தைய குஞ்சுகளின் கதையைத்தான் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, நண்டும் ஆய்வாளரும் ஒரே நேர அட்டவணையைப் பின்பற்றுகிறார்கள் என்பது இதன் அடிப்படை அனுமானம். அந்த அட்டவணையை எழுதுவது ஓதம்.

ஆசியாவின் மணற்கரைகளில் இம்முறைக்கு ஓரளவு வேலை உண்டு. இந்தியாவின் ஒடிசாக் கரையில் பாலசோர் மாவட்டத்துப் பலராம்கடி, மலேசியாவின் கிழக்குக் கரையில் குவாந்தானை அடுத்த பாலோக் ஆகிய இடங்களில் கடற்கரை லாட நண்டு (டாக்கிப்பிளியஸ் கைகாஸ்) மணலில் ஏறி முட்டையிடுகிறது. ஆனால் வெப்ப மண்டலத்தில் இது இரண்டு மாதத் திருவிழா அன்று. ஆண்டு முழுவதும் சிறு சிறு கூட்டமாக நடப்பது. டெலவேரில் 12 இரவுகளில் முடியும் வேலைக்கு இங்கே 12 மாதம் வேண்டும். இரண்டு, மூன்று மாதங்கள் மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லும் ஆண்டுக் கணக்கு எந்த மாதங்களில் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வுரை, தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் எஞ்சியிருக்கும் கடைசி முட்டையிடு தளம் பாலோக்தான் என்றும் அதுவும் ஆபத்தில் இருக்கிறது என்றும் எச்சரித்தது. ஆபத்து உண்மையே, கரையோரக் கட்டுமானங்கள் மணலின் போக்கை மாற்றுவதைக் கண்ணால் பார்க்கலாம். ‘கடைசி’ என்ற தீர்ப்பை ஏற்பதில்தான் தயக்கம். ஒரு கரையில் நண்டு ஏறவில்லை என்பதற்கும் அந்த நீரில் நண்டே இல்லை என்பதற்கும் நடுவே தூரம் அதிகம். எச்சரிக்கை மணி அடிக்க அந்தச் சொல் உதவியிருக்கலாம். கணக்கியலின் சொல்லாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

சேற்றுக்குப் பெயர்ந்த கணக்கு

கிள்ளான் கழிமுகம் போன்ற இடங்களுக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. இங்கே முக்கியமான இனம் அலையாத்தி லாட நண்டு (கார்சினோஸ்கார்ப்பியஸ் ரொட்டண்டிகௌடா). உருவில் நான்கிலும் சிறியது. வெள்ளை மணலைத் தேடிப் போகாமல் அலையாத்தி வேர்களுக்கு இடையிலும் ஓடைக் கரைச் சேற்றிலும் முட்டையிடுகிறது. ஒரு குழியில் நூறு முட்டை இருந்தால் பெரிது. அமெரிக்க இனம் ஒரு குழியில் நாலாயிரம் வரை இடுவதோடு ஒப்பிட்டால், குழியைத் தேடி எண்ணுவது எவ்வளவு நலிந்த வழி என்பது விளங்கும்.

இரண்டு இனங்களையும் கையில் வைத்துப் பிரித்தறிய வாலே போதும். விரல்களுக்கு நடுவே வாலை உருட்டிப் பார்த்தால் அலையாத்தி இனத்தின் வால் உருண்டையாக வழுக்கிக்கொண்டு சுழலும்; கடற்கரை இனத்தின் வால் முக்கோணம், மேல்விளிம்பில் ரம்பப் பற்கள் நெருடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் இரண்டையும் சேர்த்து ‘பெலங்காஸ்’ என்று ஒரே பட்டியலில் எழுதிய பதிவுகளைப் பிரித்தெடுக்க இன்று வழியில்லை. உண்பவர்களுக்கும் இந்த வேறுபாடு விளையாட்டன்று: அலையாத்தி இனத்தின் முட்டையில் உயிரைப் பறிக்கக்கூடிய நரம்பு நஞ்சு இருக்கலாம், தாய்லாந்தில் இதனால் பலர் மருத்துவமனை சேர்ந்திருக்கிறார்கள்.

கரைக்கு வராத விலங்கை எங்கே எண்ணுவது? ஹாங்காங், தைவான், சிங்கப்பூர் ஆய்வாளர்கள் சொன்ன விடை, குஞ்சுகளை எண்ணுங்கள் என்பது. இளம் லாட நண்டுகள் வற்றத்தின்போது வெளிப்படும் சேற்றுப் படுகையில் பல ஆண்டுகள் வளர்கின்றன. நீர் வடிந்த சேற்றின் மேல் ஒரு கோணல்மாணலான கோடு ஓடும். கோட்டின் முனையில் ஒரு சிறு மேடு. மேட்டை விரலால் மெல்ல விலக்கினால் நாணய அளவில் ஒரு குஞ்சு. வெயில் ஏறிச் சேறு காயத் தொடங்கினால் கோடு மங்கிவிடும். மழை பெய்தால் அழிந்தேவிடும். தலையோட்டின் அகலத்தை அளந்து, எத்தனை முறை ஓடு உரித்திருக்கும் என்று கணித்து, எந்தெந்த வயதுக் குஞ்சுகள் இருக்கின்றன என்ற படத்தை வரைகிறார்கள்.

கரைக் கணக்கைவிட இது ஒருவகையில் நேர்மையானது. இங்கே இனப்பெருக்கம் நடந்ததா, குஞ்சு பிழைத்ததா என்பதற்கு நேரடிச் சாட்சி இது. ஹாங்காங்கில் இப்படி ஆண்டுக்கணக்கில் பார்த்ததால்தான் சீன இனத்தின் வீழ்ச்சி வெளிச்சத்துக்கு வந்தது. குறை என்னவென்றால், புதைந்திருக்கும் குஞ்சு கோடு போடாது. இல்லாததும் தெரியாததும் ஏட்டில் ஒரே பூஜ்யமாக விழுகின்றன. தேடுபவரின் கண் பழக்கத்தைப் பொறுத்தும் எண்ணிக்கை மாறும். சேற்றுப் படுகை வெளிப்பட வற்றம் நன்றாக இறங்க வேண்டும் என்பது அதைவிட அடிப்படையான நிபந்தனை. இந்த முறையும் ஓதத்தைத்தான் நம்பியிருக்கிறது.

ஓதம் எப்படியெல்லாம் தடைபடுகிறது

‘ஓதம் தடைபட்ட நீர்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நிலைமைகள் இருக்கின்றன. கணக்கெடுப்பு நூல்கள் இவற்றைப் போதிய அளவு பிரித்துப் பார்ப்பதில்லை என்றே தோன்றுகிறது.

முதலாவது, இயற்கையிலேயே வாய் குறுகிய உப்பங்கழி. கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல்திட்டு; அதில் ஒன்றிரண்டு திறப்புகள். வெளியே கடல் ஏறி இறங்கினாலும் உள்ளே நீர் மட்டம் சில சென்டிமீட்டர் மட்டும் அசையும். புளோரிடாவின் கிழக்குக் கரையில் உள்ள இந்தியன் ஆற்று உப்பங்கழி இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. அங்கே அமெரிக்க லாட நண்டைப் பற்றி 2003-ல் வெளிவந்த ஆய்வு, டெலவேரிலிருந்து எடுத்துச் சென்ற எதிர்பார்ப்புகளைக் கலைத்துப் போட்டது. முட்டையிடுதல் அமாவாசை, பௌர்ணமிக் கணக்கோடு தெளிவாக ஒத்துப்போகவில்லை. குறிப்பிட்ட இரவுகளில் கூட்டமாகத் திரளாமல் காலம் முழுவதும் சிதறிக் கிடந்தது. பொரிந்து வெளிவரும் குஞ்சுகளின் நிலையும் வேறு. மற்ற இடங்களில் முட்டைக் குழியை ஏற்ற நீர் நனைத்து அலைக்கழிப்பதே பொரிவதற்குத் தூண்டுதல். நீர் அசையாத கழியில் அந்தத் தூண்டுதல் காற்றும் மழையும் நீர் மட்டத்தை உயர்த்தும் தருணங்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். டெலவேர் அட்டவணையை அப்படியே அங்கே கொண்டுபோய் 12 இரவுகள் நின்றால், நண்டு நிறைய உள்ள கழியைக்கூட நண்டு அருகிவிட்ட கழி என்று எழுதிவிட்டு வரலாம்.

ஏன் இப்படி? நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த ஆய்வகச் சோதனைகள் ஒரு விளக்கம் தருகின்றன. நண்டின் உடலுக்குள் சுமார் 12.4 மணி நேரச் சுழற்சி கொண்ட கடிகாரம் இருக்கிறது. நீரின் ஆழம் மாறுவதை உணர்ந்து அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆழம் மாறாத இடத்தில் அந்தக் கடிகாரம் ஓடினாலும் ஆளுக்கொரு நேரம் காட்டும் என்று ஊகிக்கலாம். ஆசிய இனங்களுக்கும் இது அப்படியே பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது, மனிதன் போட்ட மதகு. மலேசியத் தமிழர்களுக்கு இது தெரியாத பொருளன்று. சிலாங்கூர் கரையில் கடல்மட்டத்துக்குச் சமமாகவும் தாழ்ந்தும் கிடக்கும் நிலத்தில் தென்னையும் ரப்பரும் செம்பனையும் போடுவதற்காகக் கரை நெடுகிலும் மண் அணை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, வாயில் மதகு வைத்தார்கள். அந்தக் கரையை ஒட்டிய கேரித்தீவுத் தோட்டங்கள் நிற்பதே இந்த அணைகளின் தயவில்தான். மண் சுமந்த தோள்களில் தமிழ்த் தோள்களும் உண்டு. மதகு ஏற்றத்தில் மூடும், வற்றத்தில் திறக்கும்: உள்ளே தேங்கிய நன்னீர் வடியலாம், உப்புநீர் நுழையக் கூடாது. வெளியே கிள்ளான் துறைமுகப் பகுதியில் பெருக்குக் காலத்து ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 4 மீட்டர் வித்தியாசம். அணைக்கு இந்தப் புறம் சில அடி நடந்தால் கிட்டத்தட்ட எதுவுமில்லை. ஓத வேறுபாட்டை ஒப்பிட்டு ஆராய இதைவிட வசதியான இடம் அமைவது அரிது. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா வேறொரு சாயல். 1987-ல் அமைந்த அந்தப் பூங்காவில் அணைக்கு உட்புறம் உவர்நீர் ஏரி ஒன்றை வெட்டி, கரைப்பறவைகளுக்காக நீர் மட்டத்தை மதகால் கட்டுப்படுத்தினார்கள். அங்கே ஓதம் வந்து போவது பராமரிப்பவர் கையில்.

மதகு முழுமையாகவும் நிரந்தரமாகவும் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பானின் கசவோக்கா காட்டுகிறது. அந்த வளைகுடாவின் ஒரு கரை, லாட நண்டு முட்டையிடும் தளம் என்பதற்காகவே 1928-ல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் நிலமீட்புத் திட்டம் வந்து வளைகுடாவின் பெரும்பகுதி வயலானது. 1971-ல் அருகிலுள்ள கோனோஷிமா நீரிணையைக் கூடுதல் தளமாகச் சேர்த்தார்கள். 1990-ல் நண்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். கட்டடமே லாட நண்டின் வடிவம். உலகில் சட்டப் பாதுகாப்பு இத்தனை முன்பே கிடைத்த லாட நண்டுத் தளம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். சட்டம் கரையைக் காத்தது. கரைக்கு வரும் நீரை யாரும் காக்கவில்லை.

மூன்றாவது வகை நமக்கு மிக அருகில் இருந்தும் அதிகம் பேசப்படாதது: ஓதம் ஏறி இறங்கும், ஆனால் ஊடுருவி ஓடாது. 1924-ல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் கற்களை நிரப்பிக் கட்டிய கரைப்பாதை. நீரிணையை இரண்டாக வெட்டி, இருபுறத்தையும் ஒரு பக்கம் அடைத்த சந்தாக்கிவிட்டது. அதன் மேற்குப் பக்கத்தில், சிங்கப்பூர்க் கரையில், மண்டாய் சேற்றுப் படுகை. தென்கிழக்காசியாவில் அலையாத்தி லாட நண்டு மிக முறையாக ஆராயப்பட்ட இடங்களில் ஒன்று அதுதான். சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தன்னார்வலர்கள் கைவிடப்பட்ட வலைகளில் சிக்கிய நண்டுகளை விடுவித்தபடியே அளந்தும் குறித்தும் வந்தார்கள். 2009-ல் வெளியான ஆய்வுரை அங்குள்ள கூட்டத்தின் அமைப்பையும் இனப்பெருக்க ஒழுங்கையும் விவரித்தது. ஓட்டம் தடைபட்ட நீரில் நண்டு வாழவே வாழாது என்று சொல்பவர்களுக்கு மண்டாய் ஒரு மறுப்பு. ஆனால் அங்கே கூட்டம் செழிப்பது ஓதத்தின் உயரம் மிஞ்சியிருப்பதால்தானா, குஞ்சுகள் வெளியே அடித்துச் செல்லப்படாமல் உள்ளேயே தங்கிவிடுவதாலா என்பதை எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அடைபட்ட நீருக்கென்றே பிறந்த கணக்கு

கரைக் கணக்கும் குஞ்சுக் கணக்கும் தடுமாறும் இடத்தில் மூன்றாவது முறை ஒன்று தெம்பாக நிற்கிறது. சிலவற்றைப் பிடித்துக் குறியிட்டு விட்டுவிடுவது. சில நாள் கழித்து மறுபடி பிடித்து, அவற்றில் எத்தனை பழைய குறியோடு வருகின்றன என்று பார்ப்பது. டென்மார்க்கின் பீட்டர்சன் 1896-ல் எழுதிய, லிம்ஃபியோர்டில் வடகடலிலிருந்து வந்து சேரும் தட்டைமீன் குஞ்சுகளைப் பற்றிய ஆய்விலிருந்துதான் மீனியலில் இம்முறையின் வம்சாவளியைத் தொடங்குவார்கள். லிம்ஃபியோர்டு குறுகிய வாய் கொண்ட, கிட்டத்தட்ட மூடிய நீர். பிறந்த இடமே உப்பங்கழிக்குச் சொந்தம்.

கணக்கு எளியது. ஒரு கழியில் 50 நண்டுகளுக்கு வில்லை பொருத்தி விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறை பிடித்த 40-ல் 5 வில்லையோடு வந்தால், கழியில் மொத்தம் சுமார் 400 என்று கணிக்கலாம். அந்த இடைவெளியில் 10 வில்லைகள் உதிர்ந்திருந்தால் உண்மையான தொகை 320. யாருக்கும் தெரியாமல் கால்பங்கு கூட்டிச் சொல்லியிருப்போம். லாட நண்டில் இந்த அபாயம் குறைவு. முதிர்ந்தபின் ஓடு உரிப்பதில்லை என்பதால் ஓட்டின் விளிம்பில் சிறு துளையிட்டுப் பொருத்தும் வில்லை ஆண்டுக்கணக்கில் நிற்கும். அமெரிக்கக் கரை நெடுக 1999-லிருந்து இந்த வில்லைத் திட்டம் நடக்கிறது. ஒடிசாவில் இந்திய விலங்கியல் ஆய்வகமும் அண்மை ஆண்டுகளில் தொடங்கியிருக்கிறது. குஞ்சுகளுக்கு இது உதவாது. ஓட்டை உரிக்கும்போது வில்லையும் போய்விடும்.

திறந்த கரையில் இந்த முறைக்கு வரும் பெரிய இடைஞ்சல், விலங்குகள் வந்துபோய்க்கொண்டே இருப்பது. வாய் குறுகிய கழியில் அது பெருமளவு குறைகிறது. ஆக, ஓதத் தடை ஒரு முறைக்குச் சாபமாகவும் இன்னொன்றுக்கு வரமாகவும் இருக்கிறது. எந்த முறை சிறந்தது என்று பொதுவாக வாதாடுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் போகிறார்கள். மதகுள்ள நீரில் மட்டும் ஒரு எச்சரிக்கை: இரண்டு பிடிப்புகளுக்கு நடுவே மதகு திறந்து புதியவை நுழைந்தால் கிடைப்பது இரண்டாம் நாளின் தொகையே தவிர முதல் நாளினுடையது அன்று. கழுத்தளவு கலங்கல் நீரில் வலை போட்டுப் பிடிக்கும்போது வலைக்கு எளிதில் அகப்படும் நண்டுகளே மறுபடியும் அகப்படுவது இன்னொரு சங்கடம்.

வலைக்காரர் சாட்சியமும் நீரின் சாட்சியமும்

கேத்தாம் தீவு, தஞ்சோங் காராங் போன்ற இடங்களின் மீனவர்களுக்கு லாட நண்டு வலையைக் கிழிக்கும் தொல்லை. சிக்கினால் எறிவார்கள், விலை கிடைத்தால் கொடுப்பார்கள். அவர்களிடம் கேட்டுப் பழைய நிலையைத் தொகுக்கும் முறை தென்சீனக் கடலோர ஆய்வுகளில் நன்கு பயன்பட்டிருக்கிறது. மலிவானது, எந்தக் கருவியும் எட்டாத பழைய பத்தாண்டுகளுக்கும் கொண்டுபோகும். ஆனால் ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்டதையே இயல்பு நிலை என்று கொள்கிறது. பெண் நண்டின் முட்டைக்கே ஜொகூர் உணவகங்களில் கிராக்கி என்பதால் பெண்ணைப் பற்றிய நினைவு கூர்மையாகவும் ஆணைப் பற்றிய நினைவு மங்கலாகவும் இருக்க வாய்ப்புண்டு. ஆண், பெண் விகிதத்தைப் பேட்டியிலிருந்து எடுப்பது ஆகாது.

நீரில் கரைந்திருக்கும் மரபணுத் துணுக்கை வடிகட்டி, உயிரி இருக்கிறதா என்று சொல்லும் முறை இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. சேற்றில் இறங்கவே முடியாத இடத்துக்கு அது நல்ல முன்னோட்டம். எத்தனை என்று அது சொல்லாது. நீர் தேங்கும் கழியில் துணுக்குகள் எங்கிருந்து, எப்போது வந்தவை என்பதும் குழம்பும். இதற்கு மேல் அதன் மேல் பாரம் ஏற்றுவது இப்போதைக்கு அவசரம்.

எண்ணிக்கை யாருக்கு வேண்டும்

எண்ணும் முறையின் தேர்வு, எண்ணை யார் கேட்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. லாட நண்டின் நீல இரத்தம் நுண்ணுயிரி நச்சு பட்டவுடன் உறைவதை ஃபிரெடெரிக் பேங் 1956-ல் விவரித்தார். ஜாக் லெவினோடு சேர்ந்து அதைச் சோதனை முறையாக வளர்த்தார். 1977-லிருந்து அமெரிக்காவில் ஊசி மருந்துகளைச் சோதிக்க அது அங்கீகரிக்கப்பட்ட வழி. இரத்தம் எடுக்கும் தொழிலுக்கு வேண்டியது ஆண்டுக்கு எத்தனை பிடிக்கலாம் என்ற ஒற்றை எண். டெலவேர்க் கணக்கெடுப்பு இத்தனை காலம் பணத்தோடு நிலைத்ததற்கு அந்தத் தேவையும் ஒரு காரணம். மாற்றுவழி பிறந்ததோ நம் வட்டாரத்துச் சேற்றிலிருந்து. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ போ இருவரும் அலையாத்தி லாட நண்டின் மரபணுவை எடுத்து, அதே உறைவுப் புரதத்தை நண்டில்லாமல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். ஐரோப்பிய மருந்தியல் விதிகளில் அது 2021-ல் தனி முறையாக இடம்பெற்றது. உலகத்தின் லாட நண்டுகளைக் காக்கக்கூடிய மரபணுவைக் கொடுத்த இனம், தன் தொகையைச் சொல்ல ஆளில்லாமல் ‘தரவு போதாது’ பட்டியலில் நிற்கிறது.

தொழிலுக்கு வேண்டிய எண் வேறு, பாதுகாப்புக்கு வேண்டிய எண் வேறு. ஒரு கழியில் நண்டு ஆண்டுதோறும் பிறக்கிறதா, வெளியிலிருந்து வந்து தங்குகிறதா என்று தெரியாமல் மொத்தத் தொகையை வைத்து மட்டும் அதைக் காக்க முடியாது. இப்படிப் பார்த்தால் வளர்ந்த நண்டுகளின் தொகையைவிடக் குஞ்சுகளின் வயதுப் படமே கூடுதல் பயன் தரும்.

தீராமல் நிற்பவை

இதுவரை கிடைத்த சான்றுகளை எடைபோட்டால் சில முடிவுகளுக்கு ஓரளவு துணிந்து வரலாம். ஓத வேறுபாடு மிகச் சிறிதாகிவிட்ட நீரில் அமாவாசை, பௌர்ணமி இரவுக் கணக்கைத் தனி ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. வாய் குறுகிய கழியில் வளர்ந்தவற்றுக்குக் குறியிட்டுப் பிடித்தலும், சேறு வெளிப்படும் இடங்களில் குஞ்சுத் தேடலும் சேர்ந்து நடந்தால் பொருளுள்ள எண் கிடைக்க வாய்ப்பு அதிகம். அலையாத்தி இனத்துக்கு மணற்கரைக் கணக்கெடுப்பே பொருத்தமில்லை. அந்த இனத்தின் தரவுப் பற்றாக்குறையில் ஒரு பங்கு இந்தப் பொருத்தமின்மையிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு.

துணிய முடியாதவையே அதிகம். அணைக்கு உட்பட்ட வாய்க்காலில் ஒரு நண்டு தென்பட்டால், அது மதகு திறந்தபோது வழிதவறி வந்ததா, அங்கேயே பிறந்ததா? அலையாத்தி இனம் தொலைவு போகாத இனம் என்பதை அதன் கூட்டங்களுக்கு இடையேயுள்ள மரபணு வேறுபாடு காட்டுகிறது. அப்படியானால் ஒவ்வொரு மதகும் ஒரு கூட்டத்தை இரண்டாக உடைத்திருக்குமா? முதிர்ச்சிக்கு இத்தனை ஆண்டு எடுக்கும் விலங்கில், அடைபட்ட கழியில் வயதானவை மட்டும் மிஞ்சி, எண்ணிக்கை பல ஆண்டு குறையாததுபோல் காட்டிவிட்டு ஒருநாள் சரியக்கூடும். கடல்மட்டம் ஏற ஏற அணைகள் உயர்த்தப்படும், மதகுகள் இன்னும் இறுக்கப்படும்; கேரித்தீவில் துறைமுகம் கட்டும் யோசனையும் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. இன்று எடுக்கும் அடிப்படைக் கணக்கு எந்த நீருக்கு உரியது என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால் 20 ஆண்டு கழித்து அதோடு எதையும் ஒப்பிட முடியாது.

அதனால் இத்தகைய இடத்தில் முதல் செலவு நண்டுக்காகச் செய்யப்படுவதா, நீருக்காகவா என்பது இப்போதைய கருத்துவேறுபாடு. மதகின் இருபுறமும் நீர்மட்ட அளவிகளை ஓராண்டு வைத்துவிட்டுப் பிறகு நண்டைத் தேடலாம் என்பது ஒரு தரப்பு; அந்த ஓராண்டில் கரையே கைவிட்டுப் போகலாம் என்பது மறுதரப்பு. முதல் தரப்பின் பக்கமே நியாயம் கூடுதல் என்று படுகிறது. அளவி வாங்கப் பணமில்லாத இடத்திலும் மதகை ஏற்றி இறக்கும் ஆள் ஒருவர் இருப்பார். திறந்த நேரமும் மூடிய நேரமும் தோட்ட அலுவலகத்தின் அல்லது நீர்ப்பாசனத் துறையின் குறிப்பேட்டில் ஏறியிருக்கக்கூடும். அந்த ஏடுகளைக் கேட்டு வாங்கிக் கணக்கெடுப்போடு இணைக்கும் பொறுப்பு எந்தத் துறையுடையது என்பதற்கு இன்றைய மீன்வள, வன, நீர்ப்பாசன நிர்வாகப் பிரிவினையில் தெளிவான இடமில்லை.